கண்மாய் நிறைஞ்சிருக்கா? ராமநாதபுரம் கடற்கரைக்கு எந்த மாதம் வரலாம்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து அத்தை மகன் போன் பண்ணினான். "மச்சான், பசங்க சஃபாரி வீடியோவாப் பாத்துட்டு உசுர எடுக்குறானுங்க. காட்டு உயிரும் பாக்கணுமாம், கடல்லயும் குளிக்கணுமாம். ஆப்பிரிக்காவுக்குப் போக என்கிட்ட காசு ஏது? உங்க ஊருக்கு வரலாம்னு இருக்கோம். எந்த மாசம் நல்லாருக்கும்?"

நான் உச்சிப்புளிக்காரன். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் உள்ள ஊர். இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலு தடவையாவது என்னிடம் வந்துவிடும். முன்பெல்லாம் யோசிக்காமல் "டிசம்பர்ல வாங்க, குளுகுளுன்னு இருக்கும்" என்பேன். அப்படிச் சொல்லி இரண்டு முறை சொந்தக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, நின்று நிதானித்துத்தான் பதில் சொல்கிறேன்.

சிங்கம் புலி எதுவும் இங்கே கிடையாது. இந்த மாவட்டத்தில் சஃபாரி என்றால் பறவை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்தங்கல், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர் என்று ஐந்து கண்மாய்கள் பறவைகள் சரணாலயமாக இருக்கின்றன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. சக்கரக்கோட்டையும் தேர்தங்கலும் 2025-இல். அதே 2025 ஜூனில் தனுஷ்கோடியின் சதுப்பு நிலத்தைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. போதாததற்குக் கடலுக்குள் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை, கடற்புல், அதை மேயும் ஆவுளியா என்ற கடற்பசு. ஆவுளியாவைப் பார்த்துவிடலாம் என்று மட்டும் யாரும் கிளம்பி வராதீர்கள். கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிலரே ஒன்றிரண்டு முறைதான் பார்த்திருக்கிறார்கள்.

ஆப்பிரிக்கக் கணக்கு இங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே வறண்ட மாதங்களில் தண்ணீர் சுருங்கும். மிச்சமிருக்கும் நீர்நிலையைத் தேடி விலங்குகள் ஒரே இடத்தில் கூடும். வறட்சிதான் அங்கே சீசன். நம்மூரில் அப்படியே தலைகீழ். கண்மாய் நிறைந்தால்தான் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். கண்மாய் நிறைவது வடகிழக்குப் பருவமழையில். அந்த மழைக்காலத்தில் கடலுக்குள் இறங்க முடியாது. கடல் நன்றாக இருக்கும் கோடையில் கண்மாயில் ஆடு மேயும். ஆக, பறவைக்கு ஒரு காலம், கடலுக்கு ஒரு காலம். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடுக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் கடலைப் பார்ப்போம், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். பெண் கடல், ஆண் கடல் என்று சொல்வதும் உண்டு. வடகடல் ஆழம் குறைவு, பெரும்பாலும் 10, 12 மீட்டருக்குள் அடங்கிவிடும், அதனால் சாது என்று பெயர். தென்கடல் முரடு. சுற்றுலா வருகிறவர்களிடம் ஆட்டோக்காரர்கள் இதைச் சொல்வார்கள், அவர்களும் தலையாட்டிக்கொள்வார்கள். ஆனால் பாம்பனில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "தம்பி, ஆணு பொண்ணெல்லாம் கரையில நிக்கிறவன் சொல்றது. வாடையில வடகடல்ல வந்து பாரு, எது ஆம்பளைன்னு தெரியும்."

அவர் சொன்னதுதான் சூத்திரம். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். அது நேராக வந்து மோதுவது வடகரையில். அந்த மாதங்களில் வடகடல் சேறு கலங்கிப் பொருமிக்கொண்டு கிடக்கும். தென்கரை, மழையும் புயல் சின்னமும் இல்லாத நாட்களில், நிலத்தின் மறைவில் அடங்கியிருக்கும். வைகாசிக்கு மேல் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து கிளம்பும். அப்போது தென்கடல் மலை மலையாக எழும்பும். வடகடல் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர்போல நிற்கும்.

இதை ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டுமானால் ஆடி மாதம் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போக வேண்டும். சாலையின் ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். இரண்டுக்கும் இடையில் ஒரு மணல் வரப்பு. போன ஆடியில் நான் போனபோது வடபக்கம் ஒரு கொக்கு கரையோரம் கால் நனையாமல் நடந்துகொண்டிருந்தது. பத்து எட்டு இந்தப் பக்கம் வந்தால் அலை தடுப்புக் கல்லில் மோதி ஆள் உயரத்துக்குச் சிதறுகிறது. காற்றில் மணல் முழங்காலுக்குக் கீழே ஊசி குத்துவதுபோல் அடித்தது. லுங்கி கட்டியவர்கள் பாடு பரவாயில்லை, அரைக்கால் டவுசர் போட்டவர்கள் காலைத் தூக்கித் தூக்கி ஓடினார்கள். தார்ச்சாலையின் பாதியை மணல் மூடியிருந்தது. எந்த மாதமானாலும் முனையில் குளிக்க இறங்காதீர்கள். அங்கே நீரோட்டம் இழுக்கும். பலகை வைத்திருக்கிறார்கள். பலகைக்குப் பக்கத்திலேயே நின்று குளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

எனவே "கடலுக்கு எந்த மாதம்" என்று கேட்டால் என் பதில், மழை, புயல் நாட்களைத் தவிர, எந்த மாதம் வந்தாலும் ஒரு கரை உங்களுக்காக அமைதியாக இருக்கும். வாடை மாதங்களில் தெற்கே சீனியப்பா தர்கா, குந்துகால், வாலிநோக்கம். கச்சான் மாதங்களில் வடக்கே அரியமான், பிரப்பன்வலசை. அரியமானில் சவுக்குத் தோப்பு உண்டு. பிள்ளைகளை இடுப்பளவுத் தண்ணீரில் விட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து கண் வைத்திருக்கலாம். தேதி பார்க்கும் முன் அறை எந்தக் கரையில் போடுகிறோம் என்று பாருங்கள். தென்கரையில் அறை போட்டுவிட்டு ஜூலையில் வந்து "கடலா இது?" என்று திட்டிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

கடலுக்கு இப்படி ஒரு மாற்று வழி உண்டு. பறவைக்குக் கிடையாது. அங்கே காலம்தான் முதலாளி.

இப்போது ஒவ்வொரு பருவமாக வருகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை. வேண்டாம். மாவட்டத்தின் வருஷ மழையில் பாதிக்கு மேல் இந்தப் பருவத்தில்தான் கொட்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் சைலன்ஸர் மூழ்கி நின்றது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் பாம்பன் பக்கம் வந்து நகராமல் உட்கார்ந்துகொண்டது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை விழுங்கியதும் இதே பருவத்தின் கடைசியில் வந்த புயல்தான். புயல் கூண்டு ஏற்றினால் படகு ஓடாது, தனுஷ்கோடிக்கு விடமாட்டார்கள். பறவைகளும் அப்போதுதான் வந்து மரம் பார்த்துக்கொண்டிருக்கும். எங்களுக்கு இது நல்ல காலம், வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு மழையைவிட வேறென்ன வேண்டும்? விருந்தாளிக்கு நல்ல காலமில்லை.

மார்கழி, தை. எல்லோரும் வருவது இப்போதுதான். அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை, வெயில் குறைவு. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் மார்கழி முதல் பாதி இன்னும் மழையின் வால் பிடித்த காலம். மூன்று வருஷத்துக்கு முன் என் தங்கை குடும்பம் டிசம்பர் 26-ஆம் தேதி வந்து இறங்கியது. முதல் நாள் தூறல். இரண்டாம் நாள் படகு இல்லை. மூன்றாம் நாள் படகு உண்டு, அலையில் சின்னவள் வாந்தி எடுத்துவிட்டாள். உத்தரகோசமங்கைக் கோயிலுக்கும் ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்துக்கும் கூட்டிப்போய்ச் சமாளித்தேன். ராமலிங்க விலாசத்தின் சுவர் ஓவியங்கள் ஒரு மழை நாளுக்குக் கட்டாயம் தகும், ஆனால் பிள்ளைகள் நீச்சல் உடையோடு வந்திருந்தார்கள்.

தை பிறந்துவிட்டால் நிலைமை மாறும். மழை விட்டிருக்கும், கண்மாய் நிறைந்திருக்கும், கூடுகளில் குஞ்சு பொரித்திருக்கும். பறவைக்கு மட்டும் வருகிறவர்கள் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு தை மாதத்தைச் சொல்வேன்.

ஒரு தை மாதக் காலை மேலச்செல்வனூர்க் கரையில் நின்றதைச் சொல்கிறேன். சாயல்குடிப் பக்கம், ஏறக்குறைய 593 ஹெக்டேர், மாவட்டத்தின் ஐந்தில் இதுதான் பெரியது. ஆறரை மணிக்குப் பனி இன்னும் தண்ணீர்மேல் கிடந்தது. கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும்: எச்சமும் மீனும் கலந்த ஒரு வாடை. கருவேல மரங்கள் தண்ணீருக்குள் இடுப்பளவு நிற்கின்றன. ஒவ்வொரு மரத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி கூடுகள். உச்சியில் மஞ்சள் மூக்கு நாரை, நடுவில் அரிவாள் மூக்கன், கீழ்க்கிளையில் நீர்க்காகம். ஒரு கூழைக்கடா வந்து இறங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு அந்த மெல்லிய கிளையில் எப்படி உட்காரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கையில் இரண்டு காலையும் முன்னே நீட்டி, இறக்கையை விரித்துப் பிரேக் போட்டு, கிளை ஒரு முழம் தாழ்ந்து எழும்ப, உட்கார்ந்தேவிட்டது. குஞ்சு உடனே தலையை, கழுத்தை, தோள்வரைக்கும் தாயின் தொண்டைப் பைக்குள் விட்டுவிட்டது. உள்ளே மீன் எடுக்கிறது. தாய் விழுங்குகிறதா குஞ்சு விழுங்குகிறதா என்று பைனாகுலர் இல்லாமல் சொல்ல முடியாது.

ஒன்பதரை மணிக்கு வெயில் ஏறியதும் வேறு காட்சி. நாரைகள் சூரியனுக்கு முதுகைக் காட்டி இறக்கையை அரைகுறையாக விரித்து நிற்கின்றன, அந்த நிழலில் குஞ்சுகள். ஒன்று தண்ணீருக்குப் போய் வாய் நிறைய மொண்டு வந்து குஞ்சுகளின் தலையில் கொட்டியது. எங்கள் பக்கத்தில் நின்ற ஆடு மேய்க்கிற அம்மா, "நம்ம பிள்ளைய கிணத்தடியில நிக்க வச்சு ஊத்துற மாதிரியே இருக்குல்ல?" என்றார்.

இந்தக் காட்சிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த வருஷம் மழை பெய்திருக்க வேண்டும். மழை பொய்த்த ஒரு வருஷம் சென்னை நண்பர்களைச் சித்திரங்குடிக்குக் கூட்டிப்போய், வெடித்த களிமண்ணையும் சீமைக்கருவேலையும் காட்டிவிட்டுத் திரும்பினேன். அதிலிருந்து ஒரு பழக்கம்: கார்த்திகைக் கடைசியில் யாரையாவது கேட்டுவிடுவேன், "கண்மாய் நிறைஞ்சிருக்கா?" வெளியூர்க்காரர்களும் இதைக் கேட்காமல் அறை போடக் கூடாது. சக்கரக்கோட்டைக் கண்மாய் ராமநாதபுரம் நகரை ஒட்டியே இருப்பதால் அதைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடைப்பது எளிது. ஆனால் எல்லாக் கண்மாயும் ஒரே மாதிரி நிறைவதில்லை. வைகைத் தண்ணீர் எட்டுகிற பக்கம் ஒரு கணக்கு, முதுகுளத்தூர்ப் பக்கம் மேகம் பார்த்து நிற்கிற கண்மாய்க்கு வேறு கணக்கு.

தையில் இன்னொரு தொல்லை, கூட்டம். பொங்கல் விடுமுறையில் பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தைப் படம் பிடிப்பார்கள். பின்னால் இரண்டு கிலோமீட்டர் வரிசை நிற்கும். 2025 ஏப்ரல் 6-இல் புதிய தூக்குப்பாலம் திறந்த பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது. தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் தாங்காது. அந்த இரண்டு நாள் அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமிருக்காது. நண்பர் ஒருவருக்கு 900 ரூபாய் என்று போனில் சொன்ன அறைக்கு, அமாவாசைக்கு முதல் நாள் வந்து நின்றதும் 2,500 கேட்டார்கள். சாமி கும்பிட வந்தவர்கள் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். பறவை பார்க்க வந்தவர் மண்டபத்தில் என் வீட்டுச் சம்பந்தி வீட்டுத் திண்ணையில் படுத்தார். வரும் முன் பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். தை அமாவாசை, மகா சிவராத்திரி, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை நான்கையும் கழித்துவிட்டுத் தேதி பாருங்கள்.

மாசி. என் ஓட்டு இதற்குத்தான். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை.

மாசியில் வாடை தளர ஆரம்பிக்கும், கச்சான் இன்னும் பிறந்திருக்காது. இரண்டு கடலும் ஒரே நேரத்தில் அடங்கி நிற்கும் சில வாரங்கள் வருஷத்தில் உண்டென்றால் அவை மாசியில் தொடங்கிப் பங்குனியில் முடியும். மழைத் தண்ணீரின் கலங்கல் தெளிந்திருக்கும், அதனால் கண்ணாடி அடித்தளப் படகில் போனால் கீழே பவளப்பாறை தெரியும். ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசையிலிருந்து வனத்துறைப் படகு உண்டு. தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது, அது தேசியப் பூங்கா. அனுமதி உள்ள இடத்துக்கு, அனுமதி உள்ள படகில்தான்.

கண்மாய்களில் தண்ணீர் வற்றத் தொடங்கியிருக்கும். அது பறவை பார்க்கிறவருக்கு நல்லதுதான். குஞ்சுகள் வளர்ந்து கிளை நுனியில் இறக்கை அடித்துப் பழகும், பெரியவை குறைந்த தண்ணீரில் ஒன்றாகக் கூடி மீன் பிடிக்கும், கரையிலிருந்தே நெருக்கமாகத் தெரியும். தனுஷ்கோடிச் சதுப்பில் பூநாரைகள் நிற்பதும் இந்த மாதங்களில். தூரத்தில் உப்புப் படிந்த வெள்ளைக் கோடு மாதிரி தெரியும். படகுக்காரர் யாராவது இரும்பைத் தட்டினால் அந்தக் கோடு எழுந்து உள்ளே ஒளித்து வைத்திருந்த சிவப்பைக் காட்டும். இதற்காக யாரும் இரும்பைத் தட்ட வேண்டாம். கிளப்பி விரட்டினால் அவை மேயும் நேரம் கெடும். காலையில் சும்மா நின்றால் தானாகவே ஒரு முறையாவது பறக்கும்.

அப்புறம் ஆமை. இங்கே முட்டையிட வரும் சின்ன ஆமைக்குப் பெயரே பங்குனி ஆமை; எப்போது வரும் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தையில் தொடங்கிப் பங்குனிவரை இரவில் கரையேறிக் குழி தோண்டி முட்டையிட்டுப் போகும். வனத்துறையினர் விடியும் முன் அந்தத் தடத்தைப் பார்த்து முட்டைகளை எடுத்துவந்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைப்பார்கள். ஏறக்குறைய 45, 50 நாளில் பொரியும். மாசிக் கடைசியில் வந்தால் ஒரு காலை குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கும் யோகம் அமையலாம். என் மகள் முதல்முறை பார்த்தபோது ஒரு குஞ்சு திரும்பத் திரும்ப அலையில் கரைக்கே வந்து விழுந்தது. நாலாம் தடவைதான் போனது. அன்று முழுக்க அதைப்பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கும் மாசி குறைவைக்காது. பொங்கலில் தொடங்கிய பனங்கிழங்கு முடியும் தறுவாயில் இருக்கும், பதநீர் இறக்கத் தொடங்கியிருப்பார்கள். மீன்பிடித் தடை இன்னும் வந்திருக்காது; கணவாய், நண்டு, பாறை, நகரை எல்லாம் சந்தையில் கிடைக்கும். சாலையோரத்திலும் களத்திலும் குண்டு குண்டாக முண்டு வத்தல் காயும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது. காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தால் தும்மாமல் ஊர் சேர முடியாது.

குறை இல்லாமலில்லை. பெரிய குறை, பள்ளிக்கூடம். மாசி பங்குனியில் பொதுத்தேர்வு. வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை. பகலில் வெயிலும் ஏறத் தொடங்கியிருக்கும். பதினொன்றிலிருந்து நாலுவரை கூரைக்கடியில் இருங்கள்.

சித்திரை, வைகாசி. பள்ளி விடுமுறை என்பதால் பாதிப்பேருக்கு வேறு வழியில்லை. உள்ளதைச் சொன்னால், இப்போது சஃபாரி கிடையாது, கடல் உண்டு. கண்மாய் வற்றியிருக்கும், பறவைகள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கும். பவளப்பாறைக்கும் இது கெட்ட நேரம்: கடல் சூடேறினால் பவளம் வெளுத்துவிடும். 2010, 2016, 2024 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் அப்படி நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பெரிய மீன் விலை ஏறும், நாட்டுப்படகில் வருகிற சூடை, காரல், முரல் கிடைக்கும். என்னைக் கேட்டால் அந்தச் சின்ன மீன்தான் ருசி. சூடையைப் பொரித்து வைத்தால் முள்ளோடு போய்விடும்.

மே மாதத்தில் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் காரங்காடு. தொண்டிப் பக்கம், வடகடலோரம். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகு போகும், துடுப்புப் படகும் உண்டு. இரண்டு பக்கமும் மரம் மறைப்பதால் வெளியே கடல் எப்படி இருந்தாலும் உள்ளே தண்ணீர் அசையாது. வேர்கள் சேற்றிலிருந்து ஆணி அடித்து வைத்த மாதிரி மேலே நீட்டிக்கொண்டு மூச்சு வாங்கும். நண்டுகள் வளைக்கு ஓடும். ஊர்ப் பெண்கள் சமைத்துக் கொடுக்கும் மீன் குழம்பும் நண்டும் உண்டு, போனவுடன் சொல்லிவைக்க வேண்டும். வலசைப் பறவைகள் கூட்டமாக இருக்காது என்றாலும், மீன்கொத்தியும் கொக்கும் வருஷம் முழுக்க இருக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது போதும்.

ஆனி, ஆடி, ஆவணி. கச்சான் காலம். காற்றுதான் இதன் ராஜா. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைத்தார்கள். பாதி நாள் அந்த அளவுமானி எந்த எண்ணைக் காட்டும் என்று மண்டபம் ஸ்டேஷனில் காத்துக் கிடந்த கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. பட்டம் கட்டிப் பலகையில் அலைமேல் ஓடும் விளையாட்டுக்காரர்கள் மட்டும் இந்தக் காற்றைத் தேடி வருகிறார்கள். மற்றவர்களுக்கு அரியமான் கரையும், கூட்டமில்லாத அறைகளும், குறைந்த வாடகையும். வெயிலின் சூட்டைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடுவதால், மதுரையைவிட இங்கே உட்கார முடியும். பறவை? பூச்சியம். புரட்டாசியில் கரையோரச் சேற்றில் வலசை வரும் சின்ன உள்ளான்கள் ஒன்றிரண்டு இறங்கத் தொடங்கும். உள்ளானை உள்ளான் என்று அடையாளம் காணும் ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும் அது செய்தி.

இவ்வளவையும் அத்தை மகனிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மச்சான், மாசிங்கிற, பெரியவனுக்கு இந்த வருஷம் பத்தாவது" என்றான்.

சரி, அப்படியானால் தை கடைசி. தை அமாவாசை எந்தத் தேதியில் விழுகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு வாரமாவது தள்ளி ஒரு வெள்ளிக்கிழமை ரயில் ஏறினால் ஞாயிறு ராத்திரி திரும்பிவிடலாம். முதல் நாள் காலை சக்கரக்கோட்டை, மாலை தனுஷ்கோடி; இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். இரண்டாம் நாள் விடியலில் மேலச்செல்வனூர், அங்கிருந்து அப்படியே வாலிநோக்கம், தென்கரை என்பதால் வாடை தொந்தரவு செய்யாது. அரியமானை இந்த முறை விட்டுவிடச் சொன்னேன். "அது பேர்தான் எல்லாருக்கும் தெரியும், அங்கயே குளிக்க முடியலைன்னா எப்படி?" என்று முனகினான். பரீட்சை முடிந்து மே மாதம் வந்தால் அரியமானுக்கே கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ரயிலில் முன்பதிவு இப்போதெல்லாம் 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. அதுவும் ஒருவகையில் வசதி. கார்த்திகைக் கடைசியில் நான் சக்கரக்கோட்டைக் கரையில் வண்டியை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். மரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் டிக்கெட் போடுவான். கால் தெரிந்தால் ஊட்டிக்குப் போகிறானாம்.